பூதக் கதை படிக்கிற வயது

எழுத்தாள நண்பர் ஒருவர் சென்ற மழைக்காலத்தில் என் வீட்டுக்கு வந்திருந்தார். மேஜையின்மேல் மூன்று தடித்த புத்தகங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தன. மேலே இருந்ததை எடுத்துப் புரட்டினார். அதில் ஒரு தேசப்படம் இருந்தது. மலை, ஆறு, காடு, பாதை எல்லாம் ஒழுங்காகப் போட்டு, உலகத்தில் எங்குமே இல்லாத ஒரு தேசத்தின் படம். அதைப் பார்த்துவிட்டு நண்பர் சிரித்தார். "என்ன ஸார், பூதக் கதை படிக்கிற வயதா இது?" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. காபி வந்தது. பேச்சு வேறு பக்கம் திரும்பிவிட்டது. அவர் போன பிறகு எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் கொஞ்சம், என்மேல் அதிகம். அவர் புத்தகத்தை எடுத்த அந்த நிமிஷத்தில், ஒளித்து வைத்திருக்கலாமே என்று எனக்கே தோன்றியது. கொல்லைப்புறத்தில் பீடி குடித்து அகப்பட்டுக்கொண்ட பையனுடைய வெட்கம் அது. நாற்பது வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிற ஒருவனுக்கு, தான் ரஸித்துப் படித்த ஒரு புத்தகத்தைப்பற்றி வெட்கம் எதற்காக வர வேண்டும்? அதை யோசித்துப் பார்த்ததில் எழுந்ததுதான் இந்தக் கட்டுரை.

புத்தகம், டோல்கீன் எழுதிய 'லார்ட் ஆப் தி ரிங்ஸ்'. ஆக்ஸ்போர்டில் பழைய ஆங்கில மொழியைக் கற்பித்த பேராசிரியர் அவர். 1937 டிஸம்பரில் எழுத ஆரம்பித்து 1949ல் முடித்தார். 1954லும் 1955லுமாக மூன்று பாகங்கள் வெளியாயின. மொத்தம் 62 அத்தியாயங்கள். ஆயிரம் பக்கங்களுக்கு மேல். கதையை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். உலகத்தையே அடிமைப்படுத்தக்கூடிய ஒரு மோதிரம், மனிதனில் பாதி உயரமே உள்ள, நன்றாகச் சாப்பிட்டுத் தோட்டம் போட்டுச் சுகமாக வாழ்கிற ஒரு குள்ள ஜாதியைச் சேர்ந்த பிரோடோ என்பவன் கையில் வந்து சேர்கிறது. எந்த எரிமலையில் அது செய்யப்பட்டதோ, அந்த எரிமலைக்கே கொண்டுபோய் அதை எறிய வேண்டும். அந்த மலை இருப்பதோ எதிரியின் தேசத்து நடுவில். கதைகளில் எல்லோரும் எதையாவது தேடிக்கொண்டு போவார்கள். இதில் போவது தொலைப்பதற்காக.

நண்பரைக் குறை சொல்வதற்கு முன்னால் என் பழைய பாவத்தையும் சொல்லிவிட வேண்டும். இருபத்தைந்து வருஷங்களுக்கு முன்பு ஒரு சிறு பத்திரிகையில் நான் ஒரு கட்டுரை எழுதினேன். முந்நூறு பக்கத்துக்கு மேல் போகிற நாவல் எதுவானாலும் அது ஆசிரியனின் சோம்பேறித்தனத்துக்கு அத்தாட்சி என்று அதில் அடித்துச் சொல்லியிருந்தேன். ராக்ஷஸர்களும் மாயாஜாலமும் குழந்தைகளுக்கு. வளர்ந்தவனுக்கு வேண்டியது வாழ்க்கை என்றும் எழுதினேன். பலர் பாராட்டிக் கடிதம் போட்டார்கள். பாராட்டியவர்களில் இந்த நண்பரும் ஒருவர். ஆகவே அன்று அவர் என்னைக் கேட்டது என்னுடைய கேள்வியையேதான். அதற்குப் பதில் சொல்லும் கடமை எனக்குத்தான் அதிகம்.

இந்தக் கேள்வியை முதலில் கேட்டவர்கள் நாங்கள் இருவரும் அல்ல. அமெரிக்க விமரிசகர்களில் மிகப் பெரியவர்களில் ஒருவரான எட்மண்ட் வில்ஸன் 1956லேயே, இது வயதுக்கு வராதவர்களுக்கான குப்பை என்று எழுதிவிட்டார். முழுப் புத்தகத்தையும் தம் ஏழு வயது மகளுக்கு உரக்க வாசித்துக் காட்டியதாகவும் அதே கட்டுரையில் அவரே சொல்லியிருக்கிறார். ஆயிரம் பக்கங்களைத் தொண்டை வறள ஒரு குழந்தைக்குப் படித்துக் காட்டிவிட்டு, இதில் ஒன்றுமில்லை என்று எழுத ஒரு தனித் திறமை வேண்டும். 1961ல் லண்டனில் பிலிப் டாயின்பீ என்ற விமரிசகர், நல்லவேளையாக இந்தப் புத்தகங்களை எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்று சந்தோஷப்பட்டு எழுதினார். நாலு வருஷத்துக்குள் அமெரிக்காவில் மலிவுப் பதிப்பு வந்தது. கல்லூரி மாணவர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். 1997ல் பிரிட்டனில் நடந்த ஒரு வாசகர் வாக்கெடுப்பில் இருபதாம் நூற்றாண்டின் சிறந்த புத்தகம் என்று இதற்கே முதலிடம் கொடுத்தார்கள். படித்தவர்கள் பலருக்கு அப்போது வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

ஆனால் இதை நான் ஒரு வாதமாகச் சொல்லவில்லை. லட்சம் பேர் வாங்கினார்கள் என்பதால் ஒரு புத்தகம் நல்ல புத்தகம் ஆகிவிடாது. அப்படி ஆகுமானால் பஞ்சாங்கத்தை மிஞ்சிய இலக்கியம் நம்மிடம் இல்லை. நான் கேட்பது வேறு. லட்சம் பேர் வாங்கினார்கள் என்பதாலேயே ஒரு புத்தகம் கெட்ட புத்தகம் ஆகிவிடுமா? நம் விமரிசகர்களில் பலர் இந்த இரண்டாவது தவற்றை முதல் தவற்றுக்கு மருந்தாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

குற்றச்சாட்டுகள் மூன்று. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலாவது, இது குழந்தைத்தனம். நல்லவன் நல்லவனாகவே இருக்கிறான், கெட்டவன் கெட்டவனாகவே இருக்கிறான், கடைசியில் நல்லவன் ஜெயிக்கிறான். வாழ்க்கை இப்படியா இருக்கிறது என்று கேட்கிறார்கள். இப்படிக் கேட்பவர்கள் புத்தகத்தின் முடிவுவரை போகவில்லை என்பதே என் சந்தேகம். போனவர்களுக்குத் தெரியும், பிரோடோ ஜெயிக்கவில்லை. அவ்வளவு தூரம் நடந்து, பட்டினி கிடந்து, கடைசியில் நெருப்புப் பிளவின் விளிம்பில் போய் நின்றுகொண்டு, மோதிரத்தை எறிய மாட்டேன், இது என்னுடையது என்று சொல்லி விரலில் மாட்டிக்கொள்கிறான். ஆயிரம் பக்கமாக நாம் யாரை நம்பிக்கொண்டு வந்தோமோ அவன் தோற்றுப்போகிறான். எந்தக் குழந்தைக் கதையில் இப்படி நடக்கிறது?

பின் மோதிரம் எப்படி அழிகிறது? கோல்லம் என்று ஓர் ஈனப் பிறவி. ஒரு காலத்தில் மோதிரம் அவனிடம்தான் இருந்தது. அதனாலேயே கெட்டுச் சீரழிந்தவன். பிரோடோவின் விரலோடு மோதிரத்தைக் கடித்துப் பிடுங்கிக்கொண்டு, சந்தோஷத்தில் கூத்தாடிக் கால் தவறி நெருப்பில் விழுகிறான். தற்செயல் என்று சொல்லிவிடலாம். ஆனால் 2வது அத்தியாயத்துக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள். இவனைப் பிரோடோவின் மாமா பில்போ கொல்ல முடிந்த சமயத்தில் கொன்றிருக்கலாமே என்று பிரோடோ ஆத்திரப்படுகிறான். காண்டால்ஃப் என்ற கிழவர், இரக்கப்பட்டு விட்டுவிட்டது நல்லதுதான் என்று பதில் சொல்கிறார். பிறகு பிரோடோவுக்கே அந்தச் சமயம் வாய்க்கிறது. அவனும் இரக்கப்பட்டு விட்டுவிடுகிறான். மலையேறும்போது அவனுடைய வேலையாள் ஸாமுக்கும் வாய்க்கிறது. கோல்லத்தை ஆரம்பமுதல் வெறுத்தவன் ஸாம். அவன் கையும் எழவில்லை. மூன்று பேர் மூன்று சமயத்தில் காட்டிய இரக்கம், 56வது அத்தியாயத்தில் உலகத்தைக் காப்பாற்றுகிறது. வீரனின் பலம் காப்பாற்றவில்லை. இதைக் குழந்தைத்தனம் என்று சொல்வதானால், வளர்ந்தவர்களின் அறிவு என்று எதைச் சொல்வது?

இந்த இடத்தில் இன்னொரு கோஷ்டி எழுந்து நிற்கும் என்று எனக்குத் தெரியும். நம்மிடம் இல்லாததா என்பது இவர்களுடைய பல்லவி. அனுமன் கடலைத் தாண்டவில்லையா, புஷ்பக விமானம் இல்லையா, இதற்கு ஓர் இங்கிலீஷ்காரனிடம் போக வேண்டுமா என்பார்கள். அனுமன் தாண்டினான், சரிதான். அனுமன் கடலைத் தாண்டுவதால் கம்பனைக் குழந்தைகளின் கவி என்று யாரும் சொல்வதில்லை. அதே நியாயத்தை வேறு ஊர்க்காரனுக்கும் கொடுக்கலாமே என்பதுதான் என் கோரிக்கை. இருவரும் சமம் என்று நான் சொல்லவில்லை. தராசு ஒன்றாக இருக்கட்டும் என்கிறேன். இன்னும் ஒன்று. கொடுத்த ராஜ்யத்தை வேண்டாம் என்று சொன்ன பரதனைக் கேட்டு வளர்ந்தவன், கொடுத்த மோதிரத்தைக் காண்டால்ஃப் கைகூப்பாத குறையாக மறுக்கும் இடத்தைப் படிக்கும்போது, தனக்குத் தெரிந்த மனிதனையே பார்க்கிறான். அதிகாரத்தை வாங்க மறுப்பது பெரிய வீரம் என்பது எல்லா ஊர்க்காரர்களுக்கும் எட்டியிருக்கிறது. நம்மிடம் இருக்கிறது என்பது இன்னொருவனை ரஸிப்பதற்குக் காரணமாக இருக்க வேண்டும். கதவைச் சாத்துவதற்குக் காரணமாக இருக்கக் கூடாது.

இரண்டாவது குற்றச்சாட்டு, நீளம். இதைப்பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். என் தொழில் சம்பந்தப்பட்டது.

நீளம் வேறு, நீட்டல் வேறு. நீட்டல் என்றால் என்னவென்று எனக்கு நன்றாகத் தெரியும், செய்திருக்கிறேன். ஒரு வாரப் பத்திரிகையில் என் தொடர்கதை முடிகிற தறுவாயில் இருந்தது. ஆசிரியர் கூப்பிட்டு, இன்னும் எட்டு வாரம் போகட்டும் என்றார். வீட்டில் பணமுடை. நான் கதாநாயகியின் தங்கைக்கு ஒரு கல்யாணம் பண்ணிவைத்தேன். அது ஐந்து வாரம் வந்தது. மிச்சம் மூன்று வாரத்துக்கு மாப்பிள்ளைக்கு ஒரு கார் விபத்து. அந்த எட்டு வாரத்தை எடுத்துவிட்டுப் படித்தால் நாவலில் எதுவும் குறைவதில்லை. புத்தகமாக வந்தபோது எடுத்தும்விட்டேன். எடுத்தால் தெரியாதது நீட்டல். எடுத்தால் ரத்தம் வருவது நீளம்.

ஸாம் வீட்டிலிருந்து புறப்படும்போது சமையல் பாத்திரங்களைச் சுமந்துகொண்டு போகிறான். வழியெல்லாம் அவை அவன் முதுகில் இருக்கின்றன. எதிரியின் தேசத்து எல்லையருகே ஒரு நாள், கோல்லம் பிடித்துக்கொண்டு வந்த முயலை எஜமானனுக்குச் சமைத்துப் போடுகிறான். பிறகு கடைசி மலையை நோக்கிப் போகும்போது, திரும்பி வரப்போவதில்லை என்று தெரிந்து, சுமையைக் குறைப்பதற்காக அந்தப் பாத்திரங்களை ஒரு பள்ளத்தில் எறிகிறான். அவை கணகணவென்று உருண்டு விழும் சத்தம் அவனுக்குத் தாங்கவில்லை. நமக்கும் தாங்கவில்லை. இரண்டு பாத்திரம் போனதற்காக ஒரு வாசகன் கண் கலங்குகிறான் என்றால் அது எப்படி நடந்தது? உவமை போட்டு நடக்கவில்லை. சோகமான வார்த்தைகளாலும் நடக்கவில்லை. எண்ணூறு தொள்ளாயிரம் பக்கம் அந்தப் பாத்திரங்களை நாமும் சுமந்திருக்கிறோம், அவ்வளவுதான். இதை முப்பது பக்கச் சிறுகதையில் செய்ய முடியாது. சிறுகதையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதனால் முடிந்தவை வேறு. காலம் போயிற்று என்று எழுதினால் காலம் போய்விடாது. வாசகனுடைய காலமும் கொஞ்சம் போக வேண்டும்.

இன்னொன்று. மோதிரம் அழிந்த பிறகும் கதை ஆறு அத்தியாயம் ஓடுகிறது. சுருக்கப் பிரியர்களுக்கு இது சகிக்கவில்லை. எதிரி அழிந்தான், மூட்டை கட்ட வேண்டியதுதானே என்கிறார்கள். 2003ல் வந்த சினிமாவில் இந்தப் பகுதியிலிருந்து முக்கியமான ஒரு அத்தியாயத்தையே விட்டுவிட்டார்கள். அந்த அத்தியாயத்தில்தான், உலகத்தைக் காப்பாற்றிவிட்டு ஊர் திரும்பியவர்கள், ஊரையே காணாமல் நிற்கிறார்கள். மரங்களை வெட்டியிருக்கிறார்கள். ஆலைக்காரன் ஆற்றை அசுத்தம் பண்ணிவிட்டான். உள்ளூர்க்காரர்களே அடியாட்களுக்குக் கைகட்டி நிற்கிறார்கள். முதல் அத்தியாயத்தில் எந்த மரத்தின் அடியில் விருந்து நடந்ததோ, அது வெட்டிக் கிடக்கிறது. ஸாம் அதைப் பார்த்து அழுகிறான். அவனிடம் ஒரு சிறு பெட்டி இருக்கிறது. 20வது அத்தியாயத்தில் ஒரு ராணி கொடுத்தது. உள்ளே கொஞ்சம் மண்ணும் ஒரு விதையும். அதைக் கடைசி அத்தியாயத்தில்தான் திறக்கிறான். வெட்டின மரம் இருந்த இடத்தில் அந்த விதையை நடுகிறான். யுத்தம் முடிந்துவிட்டது என்று ரேடியோவில் சொல்வதோடு யுத்தம் முடிகிறதில்லை என்பதை இதைவிட நன்றாகச் சொன்ன யதார்த்த நாவல்கள் எத்தனை என்று நண்பர் எனக்கு எண்ணிச் சொல்லட்டும்.

டோல்கீனே இரண்டாவது பதிப்பின் முன்னுரையில், பிறர் இந்தப் புத்தகத்தில் கண்ட குறைகளில் ஒன்றைத் தாம் ஒப்புக்கொள்வதாக எழுதியிருக்கிறார். புத்தகம் மிகவும் சிறியதாகப் போய்விட்டது என்பது அந்தக் குறை. வேடிக்கையாகச் சொன்னது போலத் தோன்றும். எழுதுகிறவனுக்கு அதில் வேடிக்கை இல்லை. பாதாளச் சுரங்கத்தில் ஒரு கல்லறைக்கு முன்னால் தம் பாத்திரங்களைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, மேலே போகத் தெரியாமல் ஏறக்குறைய ஒரு வருஷம் அவர் சும்மா இருந்திருக்கிறார். முழுவதையும் டைப் அடிக்க ஆள் வைக்கப் பணமில்லாமல் தாமே அடித்து, மறுபடியும் அடித்திருக்கிறார். நீட்டுகிறவன் இப்படிச் செய்ய மாட்டான். நீட்டுகிறவனுக்கு ஒரு கல்லறை முன்னால் ஒரு வருஷம் நிற்கத் தெரியாது. உடனே ஒரு கல்யாணம் பண்ணிவைப்பான்.

பிரசுரகர்த்தர் கதையும் சொல்லத் தகுந்தது. டோல்கீனுடைய முந்தைய சிறுவர் புத்தகத்தை, 1936ல் தம் பத்து வயது மகனிடம் கொடுத்து அபிப்பிராயம் கேட்டார் ஸ்டான்லி அன்வின். கூலி ஒரு ஷில்லிங். அந்தப் பையன் ரேனர் அன்வின் பெரியவனாகித் தகப்பனாருக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்தப் பெரிய புத்தகம் மேதையின் வேலை, ஆனால் ஆயிரம் பவுன் நஷ்டம் வரலாம் என்று. மேதையின் வேலை என்று நீ நம்பினால் ஆயிரம் பவுன் நஷ்டப்படு என்று பதில் வந்தது. இப்படி ஒரு பதில் எழுதக்கூடிய பிரசுரகர்த்தரை நானும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

மூன்றாவது குற்றச்சாட்டுதான் கனமானது. தப்பித்தல். வாழ்க்கையில் இத்தனை துன்பம் இருக்கும்போது, இல்லாத தேசத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்வது கோழைத்தனம் என்கிறார்கள்.

என் அண்ணாவைப்பற்றி இங்கே சொல்ல வேண்டும். ரயில்வேயில் கணக்கு இலாகாவில் இருந்து ரிடையர் ஆனவர். நாவல் படிக்கிறவர் அல்ல. என் நாவல்களையும் படித்ததில்லை. சர்க்கரை வியாதியால் காலில் புண் வந்து, இடது பாதத்தில் பாதியை எடுக்க வேண்டியதாயிற்று. இருபத்திரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். இரவில் நான் துணைக்குப் படுப்பேன். பார்க்க வந்த ஒருவர், பொழுது போகட்டும் என்று ஒரு நாவலைக் கொடுத்துவிட்டுப் போனார். பரிசு பெற்ற யதார்த்த நாவல். அதில் ஒரு மனிதன் 280 பக்கம் நோயில் கிடந்து சாகிறான். அண்ணா பத்துப் பக்கம் பார்த்துவிட்டு, "இதை வைத்துக்கொள். இதுதான் இங்கே நாலு பக்கமும் நடக்கிறதே" என்றார்.

நான் டோல்கீனைப் படித்துக்கொண்டிருந்தேன். என்ன படிக்கிறாய் என்று கேட்டார். சொன்னேன். மறுநாள் சாயங்காலம், "ஏண்டா, அந்தக் குள்ளப் பயல் புறப்பட்டானா?" என்றார். அப்படி ஆரம்பித்தது. தினமும் விளக்கு அணைப்பதற்கு முன்னால், அன்று படித்ததைத் தமிழில் கதையாகச் சொல்வேன். பக்கத்துக் கட்டிலில் எலும்பு முறிந்து கிடந்த லாரி டிரைவரும் கேட்க ஆரம்பித்தார். ஒரு நாள் நான் அசதியில் சுருக்கிச் சொன்னேன். மறுநாள் அவர், "நேற்று நீங்க அவசரப்பட்டீங்க. சுரங்கத்துக்குள்ளே போனவங்க வெளியே வர்றதை நல்லாச் சொல்லுங்க" என்று திருப்பிச் சொல்லச் சொன்னார். நீளம் குற்றம் என்று எழுதினவனுக்கு அதுதான் தண்டனை.

கடைசியில் பிரோடோ மோதிரத்தை எறியாமல் மாட்டிக்கொண்ட இடத்தைச் சொன்னபோது அண்ணா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு வந்தானே. அதற்குமேல் அவனை என்ன கேட்கிறது?" என்றார். அந்தப் பிரச்னையைப்பற்றி நான் படித்த எந்த விமரிசனமும் அதற்குமேல் போகவில்லை. ஊர் திரும்பின பிறகும் பிரோடோவுக்குப் பழைய காயம் வருஷா வருஷம் அதே தேதியில் வலிக்கிறது. அவனால் அந்த ஊரில் இருக்க முடியவில்லை. கப்பல் ஏறிப் போய்விடுகிறான். இதை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். பாதி பாதத்தோடு வீட்டுக்குப் போகப்போகிற மனிதரிடம் எப்படிச் சொல்வது? ஆனால் சொன்னேன். "ஆமாம், அப்படித்தான் இருக்கும்" என்றார். அன்று இரவு நன்றாகத் தூங்கினார்.

இவர் எங்கே தப்பித்துப் போனார் என்று நான் கேட்கிறேன். கட்டுப்போட்ட காலோடு அதே கட்டிலில்தான் இருந்தார். டோல்கீனே 1939ல் ஸ்காட்லாந்தில் ஒரு பிரசங்கத்தில் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறார். சிறையில் இருப்பவன் வெளியுலகத்தை நினைப்பதும், போர்க்களத்திலிருந்து சிப்பாய் ஓடிப்போவதும் ஒன்றல்ல. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்துக் குழப்புகிறார்கள் என்பது அவர் வாதம். அவர் ஓடிப்போன சிப்பாய் அல்ல. 1916ல் ஸோம் யுத்தத்தில் அகழிகளில் இருந்தவர். 1918க்குள் அவருடைய நெருங்கிய நண்பர்களில் ஒருவர் தவிர எல்லோரும் இறந்துவிட்டார்கள். 1944ல் ஆகாயப் படையில் தென்னாப்பிரிக்காவுக்குப் போயிருந்த மகனுக்கு, இந்த நாவலின் அத்தியாயங்களை எழுத எழுத அனுப்பிக்கொண்டிருந்தார். யதார்த்தம் என்றால் என்னவென்று இவருக்குச் சொல்லிக் கொடுக்க நம்மில் யாருக்கு யோக்கியதை இருக்கிறது?

எதிரிகளைவிட எனக்குப் பயம் அதிகம் தருகிறவர்கள், இந்தப் புத்தகத்துக்குப் பரிந்து பேசும் சிலர். மோதிரம் என்பது அணுகுண்டு, கறுப்பு அரசன் என்பவன் ஹிட்லர் என்று விளக்கம் கொடுத்து, ஆகவே இதைப் படிப்பது தவறில்லை என்று அனுமதிச் சீட்டு எழுதித் தருகிறார்கள். ஆசிரியரே அதே முன்னுரையில் இதை மறுத்திருக்கிறார். தமக்கு உருவகக் கதைகள் பிடிப்பதில்லை, வாசகன் தன் அனுபவத்தோடு பொருத்திப் பார்ப்பது வாசகனுடைய சுதந்திரம் என்கிறார். என் அண்ணா தம் பாதத்தோடு பொருத்திப் பார்த்தார். மோதிரம்தான் சர்க்கரை வியாதி என்று யாராவது எழுதினால் நான் சும்மா இருக்கமாட்டேன். ரஸித்தேன் என்று சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு, பயன்பட்டது என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறவர்கள் இவர்கள். தப்பித்தல் என்று சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

குறைகள் இல்லாமல் இல்லை. பெண் பாத்திரங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கெட்டவர்களோடு சேருகிற மனிதர்கள் கிழக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வருகிறார்கள். தெற்கே இருக்கும் எனக்கு அது உறுத்தத்தான் செய்தது. பாட்டுகள் அதிகம், பல பாட்டுகளை நான் தாண்டிப் போனேன். முதல் பாகத்தில் ஒரு காட்டுவாசி வருகிறார். அவர் எப்போது போவார் என்று காத்திருந்தேன். இதையெல்லாம் சொல்லலாம், சொல்ல வேண்டும். ஒரு புத்தகத்தைப் படித்துவிட்டுக் குறை சொல்வது விமரிசகனுடைய உரிமை. தேசப்படத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டு மூடிவைப்பதற்கு விமரிசனம் என்று பெயர் இல்லை.

வயதைப்பற்றிக் கேட்டாரே நண்பர், அதற்கும் என் பதிலைச் சொல்லிவிடுகிறேன். பதினைந்து வயதில் படித்திருந்தால் எனக்குச் சண்டைகள் பிடித்திருக்கும். முப்பது வயதில், முன்பே சொன்னபடி, படிக்காமலேயே திட்டியிருப்பேன். இரக்கப்பட்டு ஒருவனைச் சும்மா விட்டதன் பலன் எவ்வளவு காலம் கழித்து வருகிறது என்பதும், ஜெயித்து ஊர் திரும்பினவனுக்கும் காயம் வலிக்கும் என்பதும் தெரிய, ஐம்பதைத் தாண்ட வேண்டியிருக்கிறது.

அண்ணா இப்போது கைத்தடி வைத்துக்கொண்டு தெருக்கோடி வரைக்கும் நடக்கிறார். போன வாரம் போயிருந்தேன். இதேபோல் பெரிய கதை வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். சின்னதாக இருந்தால் வேண்டாமாம்.